கடலைப் பார்த்ததும்

செம்மண் வெளியின் ஒரே பெட்ரோல் கடைக்காரி விடியற்காலையில் லோகநாயகியிடம் டெலிபோன் எண்ணை எழுதித் தந்தாள். "கடலைப் பார்த்ததும் கூப்பிடுங்கள். மத்தியானத்துக்குள் கூப்பிடாவிட்டால் தேடி வருவேன்." ஒப்புக்குச் சொல்கிறாள் என்றுதான் லோகநாயகியும் கணவரும் நினைத்தார்கள்.

காரில் நானூறு கிலோமீட்டர் ஓடி, சாலை முடிந்த இடத்தில் கடல் தெரிந்ததும் உடுத்த உடுப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். பொழுது சாயும் நேரம் புழுதி மூடிய வண்டியொன்று வந்து நின்றது. பின்னால் தண்ணீர்க் கேன்கள், வடக்கயிறு, இரண்டு போர்வைகள்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசி! அவவுக்குப் போன் எடுக்க மறந்துபோனம்" என்றாள் லோகநாயகி கணவரிடம்.

கடைக்காரி இறங்கி வந்தாள். வழிநெடுகப் பள்ளம் பள்ளமாகத் தேடிய கண்கள் சிவந்திருந்தன. மன்னிப்புக் கேட்க லோகநாயகி வாய் திறக்குமுன், இருவரையும் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

"இரண்டு பேரும் இருக்கிறீர்கள்" என்றாள். கடலை ஏறெடுத்தும் பாராமல் வண்டியைத் திருப்பினாள்.