மெடூசா வேஷம்

“பொண்ணு பாக்க வர்ற நேரத்துல எனக்குப் பாம்பு வேஷமாக்கா?” அமுதவல்லி டீச்சர் கெஞ்சினாள்.

“நாடகந்தானேடி! யாரு வந்தா இன்னா?” என்றாள் இருசம்மாள் டீச்சர்.

கல்வராயன் மலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குக் கிரேக்க புராண நாடகம். வேஷம் பிரித்துக் கொடுத்தது இருசம்மாள்தான். அழகு தேவதை அஃப்ரோடைட்டி அவள். பார்த்தவரைக் கல்லாக்கும் பாம்புத்தலை அரக்கி மெடூசா அமுதவல்லி. அந்த எலுமிச்சை நிறத்தையும் இடுப்புக்குக் கீழே தொங்கும் முடியையும் பார்க்கும்போதெல்லாம் இருசம்மாளுக்கு வயிறு எரிந்தது.

ஒப்பனையையும் அவளே செய்தாள். அமுதவல்லியின் முடியை விரித்துவிட்டு, தலை நிறைய ரப்பர் பாம்புகளைச் செருகினாள். கண்ணைச் சுற்றிக் குங்குமத்தை அப்பினாள். மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பயந்து எழுந்து ஓடட்டும்!

திரை விலகியது.

“நாகாத்தம்மா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். குலவை கிளம்பியது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திருநீறு கேட்டு மேடைக்கு ஓடி வந்தார்கள். கிரீடமும் மாலையுமாக நின்ற அழகு தேவதையை, “ஏம்மா, கொஞ்சம் நவுந்துக்கோ” என்று ஒருத்தி தள்ளிவிட்டாள்.

எல்லாரையும் விலக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா மேடையேறினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எங்க சின்னவனுக்கு நீதான் தாயே! எங்க வூட்டுக்கு வந்துடும்மா!” என்று அமுதவல்லியின் காலில் விழுந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அதே மாமியாரின் காலில் விழுந்து எழும் மூத்த மருமகள் இருசம்மாள், கல்லாய் நின்றாள்.