ஆறு பேர் பார்த்த சனி

தனலெட்சுமி குனிந்து டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். அடுத்த நொடியே நிமிர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா தெரியுதுங்க. வளையத்தோட அப்படியே நிக்கிறாரு" என்றாள் கணவன் தங்கராஜுவிடம்.

ஜெலுத்தோங் கோயிலில் சனிக்கிழமை மாலைப் பூசை முடிந்திருந்தது. நட்சத்திரம் பார்ப்பதில் பைத்தியமான யசோதரன் சொந்த டெலஸ்கோப்பை வாசலில் நிறுத்தி, "வளையத்தோட சனிக்கிரகம், வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சற்றுமுன் விழுந்த தூறல் விட்டு மேகம் கலைந்திருந்தது.

தங்கராஜு ஏழாவது ஆள். தனலெட்சுமியோடு சேர்த்து முன்னால் போன ஆறு பேரும் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், அழகு அழகு என்றார்கள். அவனும் கண்ணை வைத்தான்.

இருட்டு.

கசக்கிவிட்டு மறுபடி வைத்தான். வலது கண், இடது கண். இரண்டிலும் கரிச்சட்டிக்குள் பார்த்த மாதிரிதான் இருந்தது.

அவனுக்கிருக்கும் சர்க்கரை வியாதி, இனிப்பு நீர், கண்ணைத் தின்னும், இருட்டில் இருப்பதுதான் முதலில் தெரியாமல் போகும் என்று கிளினிக் டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் அவன் மூச்சு விடவில்லை.

"சனிக்கே ஜாதகம் பாக்கிறியா தங்கராஜு? நகரு லா" என்றான் பின்னால் நின்றவன்.

"தெரியுதாண்ணே?" என்றார் யசோதரன்.

தெரியுது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவன் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவன். திங்கட்கிழமை விடியுமுன் ஜுருவில் நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு, கடல் பாலத்தைக் கடந்து பாயான் பாரு போக வேண்டும்.

மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"தனம், எனக்கு ஒண்ணுமே தெரியல. கண்ணு போச்சு. டாக்டர் முன்னமே சொன்னாரு, உன்கிட்ட மறைச்சிட்டேன். இனி பஸ் ஓட்ட முடியாது."

தனலெட்சுமிக்கு முகம் வெளுத்தது. டெலஸ்கோப்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருங்க, நான் பாக்கிறேன்" என்று யசோதரன் குனிந்தார். நெற்றி சுருங்கியது. குழாயின் முன்பக்கம் போய்த் தடவினார். கறுப்பு மூடி ஒன்று கையோடு வந்தது.

"தூறலுக்கு மூடினது, எடுக்க மறந்துட்டேன். இதுல யாருக்குமே ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுண்ணே."

தங்கராஜு மூச்சு விட்டான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

"அப்ப நீங்க ஆறு பேரும் எதப் பாத்தீங்க?"

மற்ற ஐந்து பேரும் செருப்பைத் தேடப் போனார்கள். தனலெட்சுமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"சனிய யாருங்க கண்ணத் தொறந்து பாப்பாங்க?"