வெளுத்த புருவம்

அது லட்சத்தில் ஒருவருக்கு வரும், வந்தால் விடாத புற்றுநோய். அதற்கான புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. மருந்து உள்ளே போனால் புருவம் வெளுக்கும் என்று நோயாளிகளுக்குள் ஒரு பேச்சு இருந்தது. அன்று காலை மரகதவல்லியின் புருவங்கள் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருந்தன. கண்ணாடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். யாரை என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு கண்மையை எடுத்து, ஒரு முடி விடாமல் கறுப்பாக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். பக்கத்து நாற்காலியில் லூர்து உட்கார்ந்திருந்தாள். அதே நோய், இவளோடு ஒரே நாளில் மாத்திரை தொடங்கியவள். அவள் புருவம் இன்னும் கன்னங்கரேலென்று இருந்தது.

"என்னடி, கல்யாணத்துக்கா கெளம்பிட்ட?" என்றாள் லூர்து.

மரகதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். லூர்து அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, மையை அழுத்தித் துடைத்தாள்.

"எங்கிட்ட எதுக்குடி ஒளிக்கற? நம்மள்ல ஒருத்திக்காவது வெளுத்துச்சே. நல்லாப் பாத்துக்கறேன், அசையாத இரு."

வெள்ளை தெரியும்வரை துடைத்தாள். தெரிந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.