நரம்புக்குள் நித்திரை

“ஐயோ! சேட்டைத் தொடாத புள்ள, நெருப்பு, நெருப்பு!”

எறோல் போட்ட சத்தத்தில், வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் கிளினிக்குக்குள் எட்டிப் பார்த்தார்கள். மகள் றொவீனா மெதுவாகச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். இடப்பக்க விலாவில், பாதி பெல்ட் கட்டியதுபோல, வரிசையாகக் கொப்புளங்கள்.

“முதியோர் இல்லத்தில இனி வெச்சிருக்க ஏலாதாம் டொக்டர். மத்தவங்களுக்குத் தொத்துமெண்டு பேக்கையும் கட்டித் தந்திட்டாங்க. எங்கட வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா? சின்னவன் இரிக்கான், அதான் யோசிக்கன்.”

எறோல் முந்திக்கொண்டார். “ஒரு மூலையில பாயைப் போட்டாப் போதும் மிஸ். அங்க தாற கஞ்சியால கதிரைக்குக் கால் ஒட்டலாம். தச்சன் சொல்றன், நம்புங்க!”

றொவீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டடி, கொஞ்சம் வாயை மூடுங்க.”

டொக்டர் நஸீபா குனிந்து பார்த்தார்.

“அக்கி மாதிரித்தான் இரிக்கு. ஒண்டு சொல்லுங்க அங்கிள். உங்களுக்குச் சின்ன வயசில கொப்புளிப்பான், அதான் சின்னம்மை வருத்தம், வந்ததா? வரல்லயெண்டா இது வேற ஏதோ. ஆஸ்பத்திரி வாட்டில தனியா வெச்சுத்தான் பார்க்கணும்.”

எறோல் மகளின் கையிலிருந்த பேக்கைப் பார்த்தார்.

“வந்தது மிஸ். எட்டு வயசில. உடம்பு முழுக்க. இந்தா, நெத்தியில தழும்பு.”

“அப்ப அக்கிதான். வருத்தம் மாறினாலும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போகாது. நரம்புக்குள்ள நித்திரை கொள்ளும். வயசு போய் உடம்பு தளர்ந்தா எழும்பி இப்படி வரும்.” டொக்டர் மருந்து எழுதத் தொடங்கினார். “வீட்டில எல்லாருக்கும் கொப்புளிப்பான் வந்து மாறிட்டா, மகள்?”

“ஓம் டொக்டர். எங்க மூணு பேருக்கும் வந்து மாறிட்டு.”

“பிறகென்ன பயம்? ஒருக்கா வந்தவங்களுக்கு லேசில திரும்பத் தொத்தாது. பக்கத்தில இருந்து தாராளமாப் பார்க்கலாம். கூட்டிப் போங்க.”

எறோலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “கேட்டியா மகள்? வா, ஓட்டோவைக் கூப்பிடு.”

றொவீனா அசையவில்லை. பேக்கை அவர் காலடியில் வைத்தாள்.

“அம்மா கொப்புளிப்பானோட மூச்செடுக்க ஏலாமக் கிடந்து சாகக்குள்ள, ‘எனக்கு இன்னும் வரல்ல, கிட்ட வந்தா எனக்கும் தொத்திடும்’ எண்டுதானே டடி, வீட்டை விட்டிட்டுக் கல்குடாவில போய் நிண்டீங்க?”