டியூப்புச் சூடு

"டிரான்சிஸ்டர் பெட்டியில நான் கிடார் வாசிச்சா, இந்த மீசை எனக்கில்ல!"

டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் மீசையைத் தடவிச் சொன்னான் உக்கிரபாண்டி.

எதிரே இருந்த காளிராஜ் சிரித்தான். அவனும் கிடார்காரன்தான். உக்கிரபாண்டிக்கு முடியாத நாளில் இசைக்குழுவில் அவன்தான் வாசிப்பான். புதுசாக டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் பெட்டி வாங்கியிருந்தான். ஒரு கையால் தூக்கிவிடலாம்.

"ஏலே பாண்டி, ஒன் டியூப்பு பெட்டியைத் தூக்க ரெண்டாளு வேணும். அது சூடேறுறதுக்குள்ள இங்க ஒரு பாட்டு முடிஞ்சிரும். தூக்கிப் போட்டுட்டு என்னுது மாதிரி ஒண்ணு வாங்குடா."

"சூடுதான்டா விசயமே! உள்ள கண்ணாடி டியூப்பு செவந்து எரியணும். அந்தச் சூடு பாட்டுல எறங்கணும். ஒன் பெட்டிச் சத்தம் பிரிட்ஜுல வச்ச இட்லிடா. என் கண்ணைக் கட்டி விடு, காதை வச்சே சொல்லுவேன் எது டியூப்பு, எது டிரான்சிஸ்டருன்னு."

அந்தச் சூடு அவன் மனைவி ஜெயப்பிரியாவுக்கும் தெரியும். மழை நாளில் பிள்ளை நனைத்த துணியை அலசிப் பிழிந்து பெட்டி மேல் போடுவாள். அவன் நாலு பாட்டு வாசிப்பதற்குள் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். டியூப்புக்கும் டிரான்சிஸ்டருக்கும் அவளுக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

தங்கச்சிமடத்துக் கிறிஸ்மஸ் கச்சேரிக்கு மூன்று நாள் இருக்கும்போது பெட்டி ஊமையாகிவிட்டது. ராமநாதபுரத்தில் பாக்கரின் ரிப்பேர் கடையில் கொண்டுபோய்ப் போட்டான்.

மறுநாள் அவன் மிளகாய்க் கொல்லைக்குப் போயிருந்த நேரம், வீட்டில் விட்டுப்போன போன் அடித்தது.

"தங்கச்சி, நான் பாக்கர். டியூப்பு ரெண்டும் போச்சு. சென்னையிலேருந்து வரப் பத்து நாளாகும். டிரான்சிஸ்டர் போர்டு போட்டா நாளைக்கே ரெடி. பாண்டி ஒத்துக்கிருவானா?"

ஜெயப்பிரியா வெளியாளிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினவள் இல்லை. டீக்கடைச் சபதம் அன்றைக்கே அவள் காதுக்கு வந்திருந்தது. பெட்டி வராவிட்டால் இவர் கச்சேரிக்குப் போகமாட்டார். போகாவிட்டால் அந்த இடம் காளிராஜுக்கு. அப்புறம் குழுவில் கூப்பிடவே மாட்டார்கள். டிரான்சிஸ்டர் என்றாலோ மீசை போகும்.

"அண்ணே... போர்டே போட்டுருங்க. அவுகளுக்குத் தெரிய வேண்டாம். உள்ள அந்தச் செவப்பு வெளிச்சம் மட்டும் எரியுற மாதிரி..."

பாக்கர் விழுந்து விழுந்து சிரிப்பது போனில் கேட்டது.

"யா அல்லாஹ்! சீரியல் செட்டுப் பல்பு ரெண்டு மாட்டிர்றேன். கனம் குறையாம பழைய இரும்பையும் உள்ளயே வச்சிர்றேன். ஒன்னைப் போயி வாயில்லாப் பூச்சின்னுல்ல நெனச்சேன்!"

கச்சேரி அன்று சாயங்காலம் தூறல். வேனிலேயே பிள்ளை நனைத்துவிட்டது. ஜெயப்பிரியா துணியை அலசிப் பிழிய, உக்கிரபாண்டி வழக்கம்போல வாங்கிப் பெட்டி மேல் பின்பக்கமாகப் போட்டான்.

மூன்று மணி நேரம் வெளுத்து வாங்கினான். பெட்டிக்குள் ரெண்டு பல்பும் செக்கச்செவேலென்று எரிந்தன. வேடிக்கை பார்க்க வந்த காளிராஜே மேடையேறி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒத்துக்கிறேன்டா பாண்டி. டியூப்பு டியூப்புதான். என்னா ஒரு சூடு!"

"இப்பவாச்சும் ஒங் காது தொறந்துச்சே!" மீசையை முறுக்கினான் உக்கிரபாண்டி.

ஜெயப்பிரியா முந்தானையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். காதை வச்சே சொல்லுவாகளாம்ல!

மறுநாள் காலை, பிள்ளை வீறிட்டு அலறியது. அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். தகப்பன்தான் தூக்கி வைத்திருந்தான். முகத்தில் மீசை இல்லை. பிள்ளைக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

வாசலில் போன காளிராஜ் வண்டியை நிறுத்திவிட்டான்.

"ஏலே, மீசை எங்கடா?"

"முத்தம் குடுத்தா பிள்ளைக்குக் குத்துது. எடுத்துட்டேன்."

"பிள்ளைக்கா, பொண்டாட்டிக்கா?" கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே போனான் காளிராஜ்.

அவன் தலை மறைந்ததும் ஜெயப்பிரியா மெல்லக் கேட்டாள்.

"நெசமாவே குத்துதுன்னா எடுத்தீக?"

உக்கிரபாண்டி பெட்டி மேல் கிடந்த பிள்ளைத் துணியை எடுத்து அவள் கையில் வைத்தான். சில்லென்று இன்னும் ஈரம்.

"மூணு மணி நேரம் வாசிச்சும் காயல. காளிராஜுக்குத் தெரியாதுதான், புள்ள... மீசைக்குத் தெரியுமே!"