யுகேஷின் இடம்

மடுல்கெல்ல வீதியில் பஸ் கவிழ்ந்து யுகேஷ் இறந்தபின் வந்தது, அவன் ஆடிய கல்லூரி ரக்பி அணிக்குச் சீசனின் கடைசி ஆட்டம். தோள் கோத்து முட்டித் தள்ளும் முதல் ஸ்க்ரமில் அவன் இடத்தைக் காலியாக விட இரண்டு அணிகளும் ஒத்துக்கொண்டன.

முன்வரிசையில் கஜேந்திரன் குனிந்தான். அவனுக்குப் பின்னால் நின்று, காற்சட்டையை இறுகப் பிடித்துத் தள்ளுவது எப்போதும் யுகேஷ்தான். குனியும்போதெல்லாம் அவனிடம் சொல்லிப் பழகியது, இன்றும் வாய்தவறி வந்துவிட்டது.

"மச்சான், விட்டுறாத."

பந்து உள்ளே விழுந்தது. ஆளில்லாத பக்கம் பின்வாங்கவில்லை, எதிரணிதான் சறுக்கியது. விசில் ஊதியதும் மற்ற எல்லோரும் எழுந்து விலகினார்கள். மாற்று வீரன் ஓடிவந்தான்.

"அண்ணே, நான் உள்ள வரட்டா?"

கஜேந்திரன் குனிந்தபடியே இருந்தான். பின்னாலிருந்து அவன் காற்சட்டையைப் பிடித்திருந்த கை இன்னும் விடவில்லை.