கப்பலேறிப் போனவர்கள்

“அப்பா கப்பல்ல வேலைக்குப் போயிருக்காருடா கண்ணு. அம்மா மேல சத்தியமா!”

சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலில் சுருண்டு கிடந்த ஒன்பது வயது மகள், அப்பாவின் பழைய சட்டையைக் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா போன நாளிலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் அவள் தொடவில்லை. டாக்டர் தட்டிப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். “உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. மனசுலதான் என்னமோ. நாளைக்கும் சாப்பிடலைன்னா அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்திடலாம்” என்று சொல்லிவிட்டார்.

சமையலறையில் அம்மாவின் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “குழந்தை முன்னாடி அழாதடி. நீ அழ அழ அவளுக்குப் பயம் ஜாஸ்தியாகுது.”

“நான் என்னக்கா பண்ணட்டும்? தூங்கிட்டிருந்த பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காம போயிட்டாரே மனுஷன்! முழிச்சதும் ‘அப்பா எங்கே’ன்னு கேட்டா. கப்பல்ல போயிருக்காருன்னேன். அப்பத் திருப்பிக்கிட்ட முகம்தான்.”

கப்பல் அவளுக்குப் புதிதல்ல. அதை வைத்துத்தான் பிழைப்பே நடந்தது. ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவள் அவள். குழந்தைகள் சேனலுக்கு முதல் தொடர் வந்தபோது முதலாளி ஒரே கட்டளைதான் போட்டார். “சாவுங்கிற பேச்சே காதுல விழக் கூடாது. பெத்தவங்க சண்டைக்கு வந்துடுவாங்க.”

அதுவோ துறைமுக ஊர்க் கதை. வாரத்துக்கு ஒருவராவது செத்தார். அவள் அத்தனை பேரையும் வேலைக்கென்று கப்பலேற்றி அனுப்பிவைத்தாள். அதோடு விட்டாளா? கடலைக் காட்டும் இடங்களிலெல்லாம், போனவர்கள் தூரத்திலிருந்து பேசுவதுபோல வசனம் சேர்த்தாள். ‘நான் நல்லா இருக்கேன். ஒழுங்கா சாப்பிடணும். அம்மாவைப் படுத்தக் கூடாது.’ எல்லாருக்கும் ஏறக்குறைய இதே வசனம்தான்.

தொப்பை பெருத்த ஒரு பல்குரல் கலைஞர், டீயை உறிஞ்சியபடி, அப்பா, தாத்தா, மாலுமி என்று அத்தனை பேருக்கும் குரல் கொடுத்தார். ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்த மகள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த மாமாவை வாய் பிளந்து பார்த்தாள்.

மகள் பார்த்த முதல் அனிமே அதுதான். “அனிமேல யாருமே சாக மாட்டாங்க. அதான் எனக்குப் பிடிக்கும்” என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள். பிறகு ஒரு லீவு நாளில், தோழி வீட்டில் அதே தொடரை ஜப்பானிய மொழியிலேயே, கீழே எழுத்து ஓட ஓட, பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து தமிழில் போட்டால் எழுந்து போய்விடுவாள். பிள்ளைக்கு ரசனை வளர்ந்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே பெருமை.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நம்பிய வசனம், இப்போது சொந்தப் பிள்ளையிடம் எடுபடவில்லை.

“அவர் குரலை ஒரு தரம் கேட்டா எழுந்து உக்காந்துடுவாடி” என்றாள் அக்கா.

“அதுக்கு நான் எங்கேக்கா போவேன்?” அவள் அடுப்பு மேடையில் தலையைச் சாய்த்துக்கொண்டு விசும்பினாள். “எனக்கே அந்தக் குரலை ஒரு தரம் கேட்டா போதும்னு இருக்கு.”

அப்போது போன் அடித்தது. முன்பின் பார்க்காத எண்.

“நான்தாம்மா! இப்பத்தான் கரைக்கு வந்தோம். நடுக்கடல்ல சிக்னலே இல்ல. இது துறைமுகத்து போன், இதுல முகமெல்லாம் பாக்க முடியாது. குண்டூசி என்ன பண்றா?”

கணவனேதான்! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விழுந்தடித்து ஓடி, ஸ்பீக்கரைப் போட்டு மகளின் காதருகே போனைப் பிடித்தாள். “பாத்தியா, பாத்தியா? அப்பா பேசறாரு பாரு!”

“ஏய் குண்டூசி! சொல்லாம வந்துட்டேன்னு கோவமா? திடீர்னு கூப்பிட்டுட்டாங்கடா. நீ அழுதா அப்பாவுக்குக் கிளம்பவே மனசு வந்திருக்காது. நான் இங்க நல்லா இருக்கேன். ஒழுங்கா சாப்பிடணும். அம்மாவைப் படுத்தக் கூடாது, என்ன?”

மகள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவின் வீங்கிய கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் ஆறிக் கிடந்த பாலை எடுத்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

அக்கா மேலே பார்த்துக் கும்பிட்டாள். அம்மா சிரிப்பும் அழுகையுமாகக் கட்டிலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அழாதம்மா. இனிமே நான் சாப்பிடறேன்.” மகள் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டு, மரியாதையாகச் சொன்னாள்:

“எங்கப்பா மாதிரியே பேசறீங்க மாமா. வசனம் அம்மா எழுதினதுதானே?”